அத்தியாயம் 9: கணக்கு நோட்டின் பின்பக்கம்

பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற பெண்களின் பையில், டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். தேதி, எந்த ஆர்டர், எத்தனை பீஸ், ரேட் எவ்வளவு. சனிக்கிழமை சம்பளம் போடும்போது காண்ட்ராக்டர் சொல்லும் கணக்கோடு ஒத்துப்பார்க்க அது வேண்டும். செக்கிங் மேஜையில் நிற்பவர்களும் கைமடிக்குப் போகிறவர்களும்கூட அன்றைக்கு ஒரு ஷிப்ட்டா, ஒன்றரையா என்று காலண்டர் கட்டத்திலாவது குறித்து வைப்பார்கள். "எனக்கெல்லாம் எழுத வராதுங்க" என்று சொல்கிறவர்களும் வாரம் ஆறு நாள் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இந்த அத்தியாயத்துக்கு வேண்டிய திறமை அவ்வளவுதான். நோட்டைத் திருப்பிப் பிடித்து, கர்ப்ப காலத்தில் மனதில் ஓடுவதைக் கடைசிப் பக்கத்திலிருந்து எழுத ஆரம்பியுங்கள்.

கர்ப்பிணிகளுக்கென்றே டைரி விற்கிறார்கள். பளபள அட்டை, ஸ்கேன் படம் ஒட்ட ஒரு பக்கம், 'என் செல்லக் குட்டிக்கு' என்று தலைப்பு அச்சிட்ட கடிதப் பக்கம். பிடித்திருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் பிறக்கப்போகும் குழந்தைக்கு எழுதும் கடிதத்தில் யாரும் 'உன்னை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது' என்று எழுதமாட்டார்கள். நமக்கு அந்த வரிதான் வேண்டும்.

'நல்லதையே நினை'

முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோரும் சொல்கிற வார்த்தை இது. சொல்கிறவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். "கெட்டது பேசாத, வயித்துல புள்ள கேக்கும்" என்பதும் அதே அன்புதான். பயத்தை அது போக்குவதில்லை, வாயை அடைக்கிறது. கூடவே இன்னொரு பயத்தையும் சேர்த்துவிடுகிறது: 'நான் இப்படியெல்லாம் நினைக்கிறேனே, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ?'

பயத்தை நினைத்தாலோ எழுதினாலோ குழந்தைக்குக் கெடுதல் வராது. மாதக்கணக்கில் கவனிக்காமல் விட்ட மன அழுத்தம்தான் கெடுதல். தூக்கம் போகும், சாப்பாடு இறங்காது, செக்கப்புக்குப் போகத் தோன்றாது.

இது அபூர்வமான சங்கதியும் கிடையாது. கர்ப்ப காலத்தில் உலகெங்கும் பத்தில் ஒரு பெண்ணுக்கு மனநலச் சிக்கல் வருகிறது, அதில் பெரும்பாலும் மனச்சோர்வு என்கிறது உலக சுகாதார நிறுவனம். வளரும் நாடுகளில் அது 15.6 சதவீதம், பிரசவத்துக்குப் பிறகு 19.8 சதவீதம். நம் ஊர்க் கதை வேண்டுமென்றால் வேலூர் பக்கம் போகலாம். அங்கே கிராமப்புறத்தில் 359 பெண்களைக் கடைசி மூன்று மாதத்தில் ஒருமுறையும், பிரசவமான 6 முதல் 12 வாரத்துக்குள் மறுமுறையும் பார்த்துச் செய்த ஆய்வு 2002-இல் வெளியானது. பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம். காரணங்களாக அந்த ஆய்வு சொன்னவற்றைப் படித்தால் எந்த லைன் வீட்டுக்கும் பொருந்தும்: வருமானக் குறைவு, ஆண் பிள்ளையை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் சரியில்லாத உறவு, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துக்கங்கள், கைவேலைக்கு ஆள் இல்லாமை.

திருப்பூரில் இதற்கு மேலும் ஒன்று உண்டு. தேனி, மதுரை, திண்டுக்கல்லில் இருந்து வந்து ஒற்றை அறையில் குடித்தனம் நடத்துகிறவளுக்குப் பேச ஆள் கிடைப்பதில்லை. மிஷின் சத்தத்தில் பேச முடியாது. வீட்டில் பேசினால் அடுத்த கதவுக்குக் கேட்கும். அம்மாவிடம் போனில் சொன்னால் அவள் ராத்திரியெல்லாம் தூங்கமாட்டாள். சொல்ல முடியாதது எங்காவது ஓரிடத்தில் இறங்கியாக வேண்டும்.

எப்படி எழுதுவது

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் சாண்ட்ரா பீல் என்பவரோடு சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார். கல்லூரி மாணவர்களை நாலு நாள் தொடர்ந்து, தினம் 15 நிமிடம், மனதை உறுத்துகிற ஒரு விஷயத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நடந்ததையும் அதைப் பற்றித் தோன்றியதையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்திருந்தது. எழுதிய அன்றைக்கு மட்டும் அவர்கள் மனசு கனத்துத்தான் போயிருந்தது. இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. எழுதி முடித்ததும் கண்ணீர் வந்தால் முறை தவறிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

பிரசவத்தை ஒட்டி இதே முறையைச் சோதித்ததில் எல்லா இடத்திலும் ஒரே விடை கிடைக்கவில்லை. இத்தாலியில், பிரசவமான சில நாட்களுக்குள் எழுதச் சொன்ன தாய்மார்களுக்குப் பலன் தெரிந்தது. இங்கிலாந்தில் இன்னும் பெரிதாக நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், எழுதியவர்களுக்கும் எழுதாதவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆகவே இதை மருந்து என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். என் கணிப்பில், எழுதுவதால் வரும் பெரிய லாபம் வேறு: கலங்கிக் கிடக்கும் ஒரே பயம், தாளில் இறங்கியதும் நாலைந்து தனித்தனிச் சங்கதிகளாகப் பிரிந்துவிடும். அவற்றில் பாதிக்கு மேல் யாரிடமாவது கேட்டுத் தீர்க்கக்கூடியவை.

நேரம் பத்து நிமிடம் போதும், பதினைந்தைத் தாண்ட வேண்டாம். போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். அலாரம் அடித்தால் பாதி வரியானாலும் நிறுத்திவிடுங்கள். கவலையைச் சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டே போனால் அது இன்னும் ஆழமாக இறங்கும். படுக்கப்போகும் முன்பு எழுத வேண்டாம். ஒன்றரை ஷிப்ட் முடிந்து வந்து, சமைத்து, கை கழுவி, கண் சொருகும் நேரத்தில் எழுதினால் தூக்கம்தான் கெடும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மிச்சமிருக்கும் பத்து நிமிடம், ஞாயிற்றுக்கிழமை துணி ஊறும் நேரம், செக்கப்புக்குப் போய் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரம் எல்லாம் தோதானவை. இதில் கடைசி நேரம்தான் நல்லது. சந்தேகம் எழுதிய தாள் கையில் இருக்கும்போதே நர்சம்மா கூப்பிடுவார்.

வாரத்துக்கு மூன்று நாள் எழுதினால் தாராளம். பேசுகிற மாதிரியே எழுதுங்கள். எழுத்துப்பிழை யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒடியாவிலோ இந்தியிலோ வருமானால் அதில் எழுதுங்கள். ஏதாவது ஒன்றை எழுதத் தொடங்கி அது தாங்க முடியாததாக இருந்தால் அதை விட்டு வேறொன்றுக்குப் போங்கள். இந்தத் தளர்வு பென்னிபேக்கரே கொடுத்ததுதான். முன்பு கரு கலைந்தவர்கள், வன்முறையை அனுபவித்தவர்கள் தனியாக உட்கார்ந்து அதைத் தோண்ட வேண்டியதில்லை. அதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்.

ஒரு பக்கத்தைப் பிரித்துப் பார்ப்போம்

மாதிரிக்கு ஒன்று. எழுதியவர் ஐந்து மாதக் கர்ப்பிணி, எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை என்று வைத்துக்கொள்வோம்.

"மேஜை கிட்ட நின்னு நின்னு சாயங்காலம் செருப்பு போட முடியல, கால் வீங்கிருது. ஸ்டூல் கேக்கலாம்னா சூப்பர்வைசர் என்ன சொல்லுவாரோ. கம்பெனில இன்னும் சொல்லல. சொன்னா நிப்பாட்டிருவாங்களோ. பாத்ரூம் ரெண்டு தடவைக்கு மேல போனா ஒரு மாதிரி பாக்குறாங்க, அதனால தண்ணி குடிக்கறதே இல்ல. ராத்திரி இவர்கிட்ட சொன்னேன், எல்லாம் சரியாயிரும் தூங்குன்னாரு. அத்தை போன் பண்ணி பையன்தான்னு சொல்றாங்க. பொண்ணா இருந்தா என்னைய என்ன சொல்லுவாங்களோ. எனக்குப் பொண்ணுன்னாலும் ஆசைதான்."

எழுதிய அன்று இதை அப்படியே மூடி வையுங்கள். மறுநாளோ அதற்கு மறுநாளோ, பென்சிலை எடுத்துக்கொண்டு வாசியுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், இதை யாரிடம் கேட்கலாம் என்று எழுதுங்கள். நர்ஸ், கம்பெனி, வீட்டுக்காரர், அம்மா. யாரிடமும் கேட்க முடியாததற்கு ஒரு கோடு மட்டும் போடுங்கள்.

கால் வீக்கம் நர்சுக்கு. நின்று வேலை செய்கிறவர்களுக்குச் சாயங்காலம் பாதம் வீங்குவது சகஜம்தான். முகமும் கையும் வீங்கினாலோ, விடாத தலைவலி, கண் மங்கல் இருந்தாலோ அது ரத்த அழுத்தமாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டும். தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் நர்சிடம் சொல்ல வேண்டியதே. சிறுநீரை அடக்கி அடக்கித் தொற்று வருவது இந்த வேலையில் இருப்பவர்களுக்குப் புதிதில்லை. செக்கப்புக்குப் போகும்போது 'நீண்ட நேரம் நிற்க வேண்டாம்' என்று மருத்துவரிடம் சீட்டில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டால் ஸ்டூல் கேட்பது சுலபமாகும். வாயால் கேட்பதைவிடச் சீட்டை நீட்டுவதற்குக் கம்பெனியில் மரியாதை அதிகம். வருத்தமான விஷயம், ஆனால் உண்மை.

'நிப்பாட்டிருவாங்களோ' என்பதற்கு விடை சட்டத்தில் இருக்கிறது. மகப்பேறு விடுப்புச் சட்டத்தில் 2017-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு பிள்ளைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு. இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்கு அந்தப் பணத்தை இ.எஸ்.ஐ. கொடுக்கும், முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாளாவது பிடித்தம் இருந்திருக்க வேண்டும். விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவது சட்டத்துக்குப் புறம்பு. இங்கேதான் நோட்டின் முன்பக்கமும் உதவிக்கு வருகிறது. எந்தத் தேதியில் எத்தனை ஷிப்ட் பார்த்தோம் என்ற குறிப்பு உங்களிடம் இருந்தால், 70 நாள் ஆயிற்றா என்று கேட்பதற்கு உங்கள் கையில் ஒரு கணக்கு இருக்கும். காண்ட்ராக்டர் வழியாகப் போகிறவர்களில் பலருக்குப் பிடித்தமே இருப்பதில்லை. அவர்கள் இதை ஐந்தாம் மாதத்திலேயே தெரிந்துகொள்வது எட்டாம் மாதத்தில் தெரிந்துகொள்வதைவிட மேல். இ.எஸ்.ஐ. இல்லாவிட்டாலும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து வைத்திருந்தால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் வரை உதவி உண்டு, ஊட்டச்சத்துப் பெட்டகமும் அதில் அடக்கம்.

மிச்சமிருப்பது ஆணா பெண்ணா என்ற வரி. ஸ்கேனில் பார்த்துச் சொல்வது குற்றம். அத்தை சொல்வது ஆசை. இதை எந்த நர்சும் தீர்த்துவைக்க முடியாது. பக்கத்தில் கோடு போட்டுவிட்டு, கடைசி வரியை மட்டும் திரும்ப வாசியுங்கள்: 'எனக்குப் பொண்ணுன்னாலும் ஆசைதான்.' வீட்டில் ஒருவரும் அவளிடம் கேட்காத கேள்விக்கான பதில் அது. அந்த ஒரு வரியை வீட்டுக்காரரிடம் சொல்லலாம். முழுப் பக்கத்தையும் காட்ட வேண்டியதில்லை.

கணவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த நோட்டைத் திறக்காதீர்கள். அவள் வாயால் சொன்னால், 'சரியாயிரும்' என்பதை ஒரு பத்து நிமிடம் தள்ளிப்போட்டுவிட்டு, "அப்புறம்?" என்று கேளுங்கள்.

யார் கண்ணிலும் படாமல்

ஒற்றை அறையில் ஒளித்துவைக்க இடம் ஏது என்று கேட்பது நியாயம். கவிஞர் சல்மா இதற்கு நல்ல சாட்சி. திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில், எழுதக்கூடாது என்ற எதிர்ப்புக்கு நடுவே, ராத்திரியில் குளியலறையில் நின்றுகொண்டு எழுதியதை அவரே நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். எழுதிய தாள்களை மறைத்து வைத்து, தாயார் மூலம் வெளியே கொண்டு சேர்த்தார், புனைபெயரும் அதற்காகத்தான். 2000-இல் முதல் தொகுப்பு வந்தது, 2004-இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'. உங்களை நாவல் எழுதச் சொல்லவில்லை. பூட்டிய கதவுக்குள்ளும் எழுத இடம் கண்டுபிடித்தவர்கள் உண்டு என்பதற்காகச் சொன்னேன்.

கணக்கு நோட்டுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது: யாரும் அதைச் சந்தேகப்படமாட்டார்கள். டைரி என்றால் திறந்து பார்க்கத் தோன்றும், பீஸ் கணக்கைத் திறக்க யாருக்கும் தோன்றாது. அதிலும் பயமிருந்தால், எழுதி, யாரிடம் கேட்க வேண்டும் என்பதை மட்டும் தனிச் சீட்டில் எடுத்துக்கொண்டு, பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். இரண்டாம் வாசிப்பு போய்விடும், பரவாயில்லை. வீட்டில் அடி விழுகிறது, நோட்டு கையில் சிக்கினால் ஆபத்து என்ற நிலையில் இருப்பவர்கள் எழுதவே வேண்டாம். பெண்கள் உதவி எண் 181. அதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இந்த ஊரில் தைக்கிறார்கள், பிசிர் வெட்டுகிறார்கள். அவர்களுக்குப் பாகிஸ்தானில் ராவல்பிண்டிப் பக்கக் கிராமங்களிலிருந்து ஒரு வழி கிடைக்கிறது. மருத்துவர் ஆதிப் ரஹ்மான் குழுவினர் அங்கே ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டே மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளுக்கு உதவினார்கள். படங்களைக் காட்டிப் பேசினார்கள். சாப்பாடு, ஓய்வு போன்ற அன்றாடக் காரியங்களைக் குறித்துக்கொள்ள ஒரு காலண்டரும் கொடுத்தார்கள். 2008-இல் வெளியான முடிவுப்படி, குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது அந்த உதவி பெற்றவர்களில் 23 சதவீதம் பேருக்கு மட்டுமே மனச்சோர்வு இருந்தது; பெறாதவர்களில் 53 சதவீதம். அதைப் பார்த்து உலக சுகாதார நிறுவனமே அந்த முறையை எடுத்துக்கொண்டது. அங்கே வேலை செய்தது காலண்டர் மட்டும் அல்ல, திரும்பத் திரும்ப வீடு தேடி வந்து பேசிய பெண்ணும்தான். இருந்தாலும் குறித்துவைப்பது உங்கள் கையில் இருக்கிறது. மளிகைக் கடைக் காலண்டரில் நல்ல நாளுக்கு ஒரு புள்ளி, தூங்காத நாளுக்குப் பெருக்கல் குறி, அழுத நாளுக்கு வட்டம். இரண்டு வாரம் கழித்து அந்தத் தாளை நர்சிடம் காட்டினாலே பாதி பேசிய மாதிரி.

போனில் குரலைப் பதிவு செய்வதும் எழுத்துதான். அதே பத்து நிமிடக் கணக்கு அதற்கும். போன் பலர் கைக்குப் போகும் வீடானால் கேட்டுவிட்டு அழித்துவிடுங்கள்.

பேனாவை வைத்துவிட்டுப் போனை எடுக்க வேண்டிய நேரம்

பக்கங்களைப் புரட்டும்போது இரண்டு வாரமாகத் தொடர்ந்து ஒரே இருட்டுத்தான் தெரிகிறது, எதிலும் பிடிப்பில்லை, தூக்கம் வரவில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் எழுத்து அதன் வேலையைச் செய்துவிட்டது. இனி மருத்துவரின் வேலை. ஆஸ்பத்திரியில் கடந்த ஏழு நாளைப் பற்றிப் பத்துக் கேள்வி கொண்ட ஒரு தாளை நீட்டலாம். 1987-இல் எடின்பரோவில் உருவாகி, பிறகு தமிழிலும் சரிபார்க்கப்பட்ட கேள்வித்தாள் அது. பரீட்சை என்று நினைத்து நல்ல பதிலாகப் பார்த்து எழுதாதீர்கள். அங்கே உங்கள் நோட்டு கைகொடுக்கும். போன வாரம் எப்படி இருந்தது என்று யோசித்துத் தடுமாற வேண்டியதில்லை. கர்ப்பத்தில் சாப்பிடக்கூடிய மருந்துகள் உண்டு. ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பம் என்று தெரிந்ததும் தாமாகவே நிறுத்திவிடக்கூடாது.

'நான் இல்லாமல் போனால் நல்லது' என்ற மாதிரி ஒரு வரி உங்கள் கையெழுத்தில் வந்துவிட்டால், அடுத்த வரி எழுத வேண்டாம். மனநல உதவி எண் 14416-ஐக் கூப்பிடுங்கள். இரவும் பகலும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள். பக்கத்து லைனில் இருக்கும் ஒடிசா, பீகார் பெண்களுக்கும் இதே எண்தான், அவரவர் மொழியில் பேசலாம். அவசரமென்றால் 108. பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களையும் கூப்பிடுங்கள், ஓவர்லாக் அடிக்கும் அக்காவானாலும் சரி.

குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினாலும் இதே விதிதான். குறித்துவைத்து நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

தாய்வீட்டுக்குப் போகும்போது

வளைகாப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பும் பெட்டியில் தாய் சேய் அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், இ.எஸ்.ஐ. கார்டு, ஆதார், பேங்க் பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரே கவரில் வைக்கச் சொல்லி முன்பே எழுதியிருக்கிறோம். நோட்டும் அதே கவரில் போகட்டும். அதில் ஒரு பக்கத்தில், பெரிய எழுத்தில், மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: இங்கே பார்த்த நர்சின் போன் நம்பர், 12 இலக்க ஆர்.சி.எச். எண், இதுவரை மருத்துவரிடம் சொல்லிய மனக்கஷ்டம் ஏதாவது இருந்தால் அது. ஊரில் புது டாக்டர், புது நர்ஸ். ஆதியிலிருந்து எல்லாவற்றையும் சொல்லத் தெம்பிருக்காது.

பிரசவமானதும் முதல் பத்து நாள் எழுத வேண்டாம், தூங்குங்கள். அந்த நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு, பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். அதற்கு மேலும் நீடித்தால் திரும்ப நோட்டை எடுங்கள். நாளைக்கு இரண்டு வரி போதும்: எவ்வளவு நேரம் தூங்கினேன், இன்றைக்கு மனசு எப்படி. ஒன்றரை மாத ஊசிக்குப் புதன்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவீர்கள். எல்லோரும் குழந்தையின் எடையைத்தான் கேட்பார்கள். ஊசி போட்டு முடிந்ததும் எழுந்துவிடாமல், "என்னையும் ஒருக்கா பாருங்க நர்சம்மா" என்று சொல்லி அந்தப் பக்கத்தை நீட்டுங்கள்.